கட்டிடத்தைப் பாடவைக்கும் தொழில்: கோட்ஃப்ரீட் சில்பர்மானும் ஜெர்மன் ஆர்கன் கட்டுநர்களும்

ஜெர்மன் தேவாலயங்களில் சுவர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் குழாய் ஆர்கனைச் செய்கிறவர்கள் யார், அவர்களுடைய வாழ்க்கை எப்படி இருந்தது, அதை எப்படிச் செய்கிறார்கள், இன்றும் அந்தத் தொழில் நடக்கிறதா, வெளியிலிருந்து ஒருவர் போய்க் கற்க முடியுமா என்பது கேள்வி. பொத்தாம்பொதுவாகப் பதில் சொன்னால் எதுவும் மனத்தில் நிற்காது. எனவே கோட்ஃப்ரீட் சில்பர்மான் என்ற ஒருவரை முன்னே நிறுத்திச் சொல்கிறேன். 18ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் சாக்ஸனி நாட்டில் ஏறத்தாழ 50 ஆர்கன்களைக் கட்டியவர் அவர். அவற்றில் சுமார் 30 இன்றும் வாசிக்கப்படுகின்றன.

ஆர்கன் என்றவுடன் நம்மில் பலருக்கு மின்சாரக் கீபோர்டோ, காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஹார்மோனியமோதான் நினைவுக்கு வரும். குழாய் ஆர்கன் வேறு. ஹார்மோனியத்தில் ஒலிப்பது பித்தளை ரீடு. குழாய் ஆர்கனின் பெரும்பாலான குழல்களுக்குள் அதிரும் உறுப்பு எதுவுமே கிடையாது. வாயருகே உள்ள உதட்டில் மெல்லிய காற்றுத்தாள் மோதி, குழலுக்குள் நிற்கும் காற்று அதிர்கிறது. புல்லாங்குழலில் நடப்பதும் இதுவே. புல்லாங்குழலில் ஒரே குழலிலிருந்து பல சுரங்கள் பிறக்கும். ஆர்கனிலோ ஒவ்வொரு சுரத்துக்கும், அந்தச் சுரத்தின் ஒவ்வொரு குரல்வண்ணத்துக்கும் தனித்தனிக் குழல் வேண்டும். ஃப்ரைபெர்க் பேராலயத்தில் சில்பர்மான் 1714இல் முடித்த ஆர்கனில் 44 ஸ்டாப்புகள் (ஒரே குரல்வண்ணம் கொண்ட குழல் வரிசைகள்), 2,674 குழல்கள் இருப்பது இதனால்தான்.

இந்தத் தொழிலைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் நான் சொல்வது இது: ஆர்கன் கட்டுநர் ஒரு குறிப்பிட்ட கட்டிடத்துக்காகவே வேலை செய்கிறார். வயலின் செய்கிறவர் தன் வயலினைப் பட்டறையிலேயே வாசித்துப் பார்த்துவிடலாம். ஆர்கன் எப்படி ஒலிக்கும் என்பது, அது நிற்க வேண்டிய மாடத்தில் நின்று, கடைசிக் குழலும் திருத்தப்படும் நாள்வரை அதைக் கட்டியவருக்கே முழுதாகத் தெரியாது. ஆலயத்தின் கல், மரக்கூரை, உயரம், ஆட்கள் நிறைந்திருக்கும்போது ஒலி எவ்வளவு அமுங்கும் என்ற கணக்கு, எல்லாம் சேர்ந்துதான் வாத்தியம். வருடக்கணக்கான உழைப்பு சரியா தவறா என்பது கடைசிச் சில மாதங்களில்தான் தெரியவரும். இந்தத் துணிச்சலுக்காகவே நான் இவர்களை மதிக்கிறேன்.

சில்பர்மான் 1683 ஜனவரி 14 அன்று, சாக்ஸனியின் கனிமலைப் பகுதியில் கிளைன்போப்ரிட்ச் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தச்சர். சிறு வயதிலேயே குடும்பம் பக்கத்திலிருந்த ஃப்ராவன்ஸ்டைன் ஊருக்குக் குடிபெயர்ந்தது. வட ஜெர்மனியின் மாபெரும் ஆர்கன் கட்டுநரான ஆர்ப் ஷ்னிட்கரும் மரவேலைக் குடும்பத்திலிருந்து வந்தவர்தான். பளபளக்கும் குழல் வரிசைதான் வெளியே இருப்பவர் கண்ணில் படும். பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தால் எங்கு பார்த்தாலும் மரம்: சட்டங்கள், காற்றுப் பெட்டிகள், காற்று ஓடும் சதுரக் குழாய்கள், வாசிக்கும் கட்டையிலிருந்து பெட்டிவரை ஓடும் நூற்றுக்கணக்கான மெல்லிய மரக்கீற்றுகள். தச்சு தெரியாதவன் இந்தத் தொழிலின் வாசலைத் தாண்ட முடியாது.

கோட்ஃப்ரீடுக்கு ஐந்து வயது மூத்தவர் அவருடைய அண்ணன் ஆந்திரேயாஸ். பிரான்ஸின் ஆட்சியில் இருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அவர் ஆர்கன் கட்டிக்கொண்டிருந்தார். 1702ஆம் ஆண்டு வாக்கில் தம்பி அங்கே போய்ச் சேர்ந்தார். அண்ணன் பாரிஸுக்கே சென்று பிரெஞ்சுக்காரர்களிடம் நேரடியாகப் பயின்றவர். பிரெஞ்சு ஆர்கனின் தனிச்சிறப்பு அதன் ரீடு குழல்களும் வண்ணமயமான தனிக்குரல்களும். சாக்ஸனி மரபின் பலம் உறுதியான அடிக்குரல்கள். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது தம்பியின் சாதனை. 1710இல் அவர் சொந்த நாடு திரும்பினார். அடுத்த ஆண்டு ஃப்ராவன்ஸ்டைனில் ஒரு சிறிய ஆர்கனைக் கட்டினார். அது 1728இல் ஊரையே அழித்த தீயில் எரிந்துபோயிற்று.

சிறிய ஆர்கன் முடிவதற்குள்ளேயே பெரிய வாய்ப்பு வந்துவிட்டது. ஃப்ரைபெர்க் வெள்ளிச் சுரங்கங்களால் செழித்த நகரம். அதன் பேராலயத்துக்கு மூன்று கட்டை வரிசைகளும் கால்கட்டைகளும் கொண்ட ஆர்கனை 27 வயது இளைஞனிடம் ஒப்படைக்க நகர மன்றம் துணிந்தது. இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக்குக்கு முன்பு லைப்சிக் நகரத்தில் இசைப் பொறுப்பு வகித்த யோகான் குனாவ் அவரைப் பரிந்துரைத்திருந்தார். 1710 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1714 ஆகஸ்டில் ஆர்கன் முடிந்தது. அதைச் சோதிக்க வந்தவர்களில் குனாவும் ஒருவர். அந்த ஆர்கன் இன்றும் அதே மாடத்தில் நிற்கிறது. சில்பர்மான் ஃப்ரைபெர்க்கிலேயே வீடும் பட்டறையும் அமைத்துக்கொண்டார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. கூட்டு வேலைக்காரர்கள் அவர் வீட்டிலேயே தங்கி, உண்டு, வேலை செய்தார்கள்.

இனி வேலைக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

உலோகக் குழல் ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவை. வெள்ளீயம் கூடினால் தகடு விறைப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும், குரல் கூர்மையாகும், செலவும் ஏறும். ஈயம் கூடினால் தகடு மென்மையாகும், குரலும் மங்கலாகி இழையும். சில்பர்மான் முகப்புக் குழல்களுக்கு வெள்ளீயம் மிகுந்த கலவையையே பயன்படுத்தினார். கலவையை உருக்கி, நீண்ட மேசையின் ஒரு முனையில், அடிப்பக்கம் திறந்த மரப்பெட்டிக்குள் ஊற்றுவார்கள். இரண்டு பேர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மேசையின் மறுமுனைவரை ஒரே வேகத்தில் நடப்பார்கள். பெட்டியின் பின்விளிம்புக்குக் கீழே உள்ள இடைவெளி வழியாக உலோகம் மெல்லிய தகடாகப் படிந்துகொண்டே வரும். சில நொடிகள் அதன் மேற்பரப்பு கண்ணாடிபோல் மின்னும். பிறகு ஒரு முனையிலிருந்து மங்கிக்கொண்டே போகும். அந்த மங்கல்தான் உலோகம் இறுகிவிட்டதற்கு அடையாளம். உலோகத்தின் சூடு, நடையின் வேகம், மேசையின் சமதளம் ஆகியவற்றில் ஒன்று தவறினாலும் தகட்டை மறுபடி உருக்க வேண்டியதுதான். ஆறிய தகட்டைச் சீவி, மேற்பகுதி மெலிந்தும் அடிப்பகுதி தடித்தும் இருக்கும்படி ஆக்குவார்கள். உயரமான குழல் தன் எடையாலேயே சரிந்து நசுங்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

பிறகு தகட்டை அளவாக வெட்டி, உருளையின் மேல் சுற்றி, நீளவாக்கில் பற்றவைப்பார்கள். பற்றவைக்கும் உலோகமும் குழலின் உலோகமும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் உருகக்கூடியவை. ஆகவே தையலின் இருபுறமும் சுண்ணப்பசை தடவி, நடுவில் ஒரு கீற்றை மட்டும் சுரண்டிவிட்டு, அதன்மேல் சூட்டுக்கோலை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கை ஒரு கணம் தயங்கினால் குழலிலேயே ஓட்டை விழுந்துவிடும்.

குழலின் நீளம் சுருதியைத் தீர்மானிக்கிறது; அகலம் குரல்வண்ணத்தைத் தீர்மானிக்கிறது. திறந்த குழலில் எட்டடிக் குழல்தான் அடிப்படை அளவு, ஏறத்தாழ 2.4 மீட்டர். நீளம் இரட்டித்தால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். மேல்முனையை மூடிவிட்டால் அதே நீளத்தில் ஒரு ஸ்தாயி கீழான ஒலி கிடைக்கும். ஃப்ரைபெர்க் ஆர்கனின் கால்கட்டைகளில் 32 அடிச் சுரம் வருகிறது. அது மூடிய மரக்குழல் என்பதால் பாதி உயரமே போதுமானதாயிற்று. அகன்ற குழல் புல்லாங்குழல்போல் உருண்டையாகவும், ஒடுங்கிய குழல் தந்தி வாத்தியத்தின் சாயலோடும் ஒலிக்கும். இடைப்பட்டவை ஆர்கனுக்கே உரிய முதற்குரல். இந்த அகல விகிதங்களின் அட்டவணைதான் ஒவ்வொரு பட்டறையின் பரம்பரைச் சொத்து. சில்பர்மான் தம் அளவுகளை ஒழுங்குபடுத்தி வைத்துக்கொண்டு, கிராம ஆலயங்களுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான திட்டங்களையே திரும்பத் திரும்பக் கட்டினார். இதைக் கற்பனைக் குறைவு என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அளவுகள் முன்பே தீர்ந்திருந்ததால்தான் அவரால் முழுக் கவனத்தையும் குரலில் வைக்க முடிந்தது.

குழலுக்குக் குரல் கொடுக்கும் வேலைதான் இந்தத் தொழிலின் உச்சம். புதிதாகச் செய்த குழலைக் காற்றின்மேல் வைத்தால் அது பாடாது. சீறும், இருமும், அல்லது ஒரு ஸ்தாயி மேலே தாவிக் கீச்சிடும். குழலின் அடியில் கூம்பு வடிவக் கால். அதன் நுனியில் காற்று நுழையும் துளை. காலும் உடலும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு தடித்த தகடு. அந்தத் தகட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவே முடிபோன்ற ஒரு பிளவு. பிளவிலிருந்து கிளம்பும் காற்று மேலுதட்டில் போய் மோதுகிறது. குரல் கொடுப்பவர் இந்தச் சிறிய இடத்துக்குள்ளேதான் வேலை செய்கிறார். கால் துளையைக் கூம்புச் சுத்தியலால் தட்டி ஒடுக்கினால் ஒலி தணியும். மேலுதட்டைக் கத்தியால் சீவி வாயை உயர்த்தினால் குரல் உருண்டையாகும். அளவுக்கு மீறிச் சீவிவிட்டால் அந்தக் குழல் போயிற்று, ஏனென்றால் சீவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. குறுக்குத் தகட்டை மெல்லிய கம்பியால் மேலிருந்து ஒரு தட்டு, கீழிருந்து ஒரு தட்டு தட்டினால் குழல் சீக்கிரமாகவோ தாமதமாகவோ வாய் திறக்கும். அதன் விளிம்பில் சிறு கீறல்கள் போட்டால் தொடக்கத்தில் வரும் சீறல் அடங்கும். ஆனால் அந்தச் சீறலில்தான் குழலின் உச்சரிப்பே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டினர் அதை அடக்கி அடக்கி எல்லாக் குழல்களையும் மெழுகிவிட்டார்கள். பழைய ஆர்கன்களில் ஒவ்வொரு சுரமும் ஒரு மெய்யெழுத்தோடு தொடங்குவதுபோல் கேட்கும்.

ஒரு குழல் சரியாகிவிட்டால் போதாது. அது தன் வரிசையில் உள்ள மற்ற 50 குழல்களோடு ஒரே குடும்பமாக ஒலிக்க வேண்டும். அந்த வரிசை மற்ற வரிசைகளோடு கலக்க வேண்டும். ஒருவர் கட்டையை அழுத்திப் பிடித்திருப்பார். இன்னொருவர் உள்ளே பலகையின்மேல் குனிந்து நின்று குழலை எடுத்து, திருத்தி, வைத்து, கேட்பார். இடையிடையே கீழே இறங்கி ஆலயத்தின் நடுவில் நின்று கேட்க வேண்டும், ஏனென்றால் உள்ளே கேட்கும் ஒலியும் வழிபட வருகிறவர் கேட்கும் ஒலியும் ஒன்றல்ல. தெருவில் வண்டிச் சத்தம் இருந்தால் வேலை நடக்காது. குளிர்காலத்திலும் சுருதி சேர்ப்பது கடினம். வெப்பம் ஒரு டிகிரி மாறினால் குழல்களின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் நகர்ந்துவிடும் (அரைச் சுரம் 100 சென்ட்). ரீடு குழல்களோ அவ்வளவாக நகர்வதில்லை. எனவே கோடையில் இரண்டும் ஒன்றோடொன்று பிணங்கி நிற்கும்.

காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மின்விசிறி வருவதற்கு முன்பு, ஆட்டுத்தோல் மடிப்புகள் கொண்ட ஆப்பு வடிவத் துருத்திகளை ஆட்கள் காலால் மிதித்து உயர்த்துவார்கள். துருத்தி தன் எடையால் மெல்ல இறங்கிக் காற்றை அனுப்பும். அழுத்தம் மிகச் சிறியது. கண்ணாடிக் குழாயில் தண்ணீரை 7 முதல் 10 சென்டிமீட்டர்வரை உயர்த்தும் அளவு காற்று போதும், ஒரு பேராலயமே நிறைந்துவிடும். கட்டையை அழுத்தினால் பெட்டிக்குள் ஒரு சிறு மரக்கதவு திறந்து, அந்தச் சுரத்துக்குரிய கால்வாயில் காற்று பாயும். ஸ்டாப்பை இழுத்தால் துளைகளிட்ட நீண்ட மரப்பட்டை நகர்ந்து, அந்த வரிசைக் குழல்களின் கால்களுக்கு வழி விடும். இவ்வளவுதான் இயந்திரம். வாசிப்பவரின் விரலுக்கும் அந்தச் சிறு கதவுக்கும் நடுவே மரக்கீற்று மட்டுமே இருப்பதால், கதவு எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்பது விரலின் கையில் இருக்கிறது. பின்னாளில் வந்த மின்சார இணைப்புகளில் இந்த நுண்மை போய்விட்டது என்பது என் உறுதியான கருத்து. இன்றைய நல்ல பட்டறைகள் மரக்கீற்றுக்கே திரும்பியிருப்பது மகிழ்ச்சி தருகிறது.

சில்பர்மானின் தனிப்பிடிவாதங்கள் வாத்தியத்திலேயே தெரியும். மிகக் கீழே உள்ள ஸி ஷார்ப் சுரத்தை அவர் கொடுப்பதில்லை. அரிதாகவே தேவைப்படும் அந்தச் சுரத்துக்காகப் பெரிய, விலையுயர்ந்த குழல்களைச் செய்வது வீண் என்பது அந்தக் காலக் கணக்கு. ஃப்ரைபெர்க் ஆர்கனின் சுருதி இன்றைய வழக்கத்தைவிட அரைச் சுரத்துக்கும் சற்று அதிகமாக உயர்ந்தது. சுரங்களை அவர் சேர்த்த முறையில் எளிய ஆதார சுருதிகள் மிக இனிமையாக இருக்கும். ஷார்ப், ஃபிளாட் சுரங்கள் (கறுப்புக் கட்டைகள்) நிறைந்தவை கடுமையாக ஒலிக்கும். இதை கேயார்க் ஆந்திரேயாஸ் சோர்கே என்ற இசையறிஞர் 1748இல் எழுத்திலேயே கண்டித்தார். சில்பர்மான் மாற்றிக்கொள்ளவில்லை. இந்த விஷயத்தில் என் மனம் சோர்கேயின் பக்கமே; பாக் எழுதிக்கொண்டிருந்த இசைக்கு எல்லா ஆதார சுருதிகளும் வேண்டியிருந்தன.

பாக்கும் சில்பர்மானும் நன்கு அறிமுகமானவர்கள். டிரெஸ்டன் சோஃபியா ஆலயத்தில் சில்பர்மான் கட்டிய ஆர்கனில் பாக் 1725இல் வாசித்தார். அதே நகரத்தின் ஃப்ராவன் ஆலயத்தில் 43 ஸ்டாப்புகள் கொண்ட ஆர்கன் 1736 நவம்பரில் அர்ப்பணிக்கப்பட்டது. டிசம்பர் 1 அன்று பாக் அதில் கச்சேரி செய்தார். சில்பர்மான் தொடக்க காலப் பியானோக்களையும் செய்து பார்த்தவர். மேல்சுரங்கள் பலவீனம், கட்டைகள் கனம் என்று பாக் குறை சொன்னதில் அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நெடுங்காலம் உழைத்துத் திருத்தி, பாக்கின் பாராட்டைப் பெற்றார். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரடெரிக் அவருடைய பியானோக்களை வாங்கினார். 1747இல் போட்ஸ்டாம் அரண்மனையில் பாக் வாசித்தவை அவைதாம்.

அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பிடிக்காத பகுதி ஒன்று உண்டு. சகாரியாஸ் ஹில்டபிராண்ட் அவரிடம் பயின்ற மிகத் திறமையான சீடர். குருவுக்குப் போட்டியாகத் தொழில் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். சில்பர்மானுக்கு 1723இல் அரச ஆர்கன் கட்டுநர் பட்டமும் அதற்குரிய சலுகையும் கிடைத்திருந்தன. லைப்சிக் அருகே ஷ்டோர்ம்தால் கிராமத்தில் ஹில்டபிராண்ட் கட்டிய ஆர்கனை அதே 1723இல் பாக்கே வந்து தொடங்கிவைத்தார். சீடன் இப்படித் தனியே வேலை பிடிக்கத் தொடங்கியபோது குரு வழக்குத் தொடுத்தார். குரு வேண்டாம் என்று விட்ட வேலைகளை மட்டுமே ஹில்டபிராண்ட் எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு நாட்டின் ஆர்கன் தொழிலை ஒரே பட்டறை பிடித்துக்கொள்வது தரத்தைக் காத்தது என்று வாதிடுவோர் உண்டு. ஹில்டபிராண்டின் ஆர்கன்களைக் கேட்டால் அந்த வாதம் நிற்காது. நவும்பர்க் நகரத்தில் அவர் 1746இல் முடித்த 53 ஸ்டாப் ஆர்கன் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் தலைசிறந்தவற்றில் ஒன்று. அதைச் சோதித்துச் சான்றளிக்க வந்த இருவர்: பாக், சில்பர்மான். குருவே சீடனின் வேலையை ஏற்றுக் கையெழுத்திட்டார்.

இந்தச் சோதனை முறை தொழிலின் முதுகெலும்பு. ஒப்பந்தத்தில் ஒவ்வொரு ஸ்டாப்பின் பெயர், உலோகம், அளவு எல்லாம் எழுதப்படும். வேலை முடிந்ததும் வெளியூர் இசைஞர்கள் வந்து, எல்லா ஸ்டாப்புகளையும் ஒன்றாக இழுத்து வாசித்து, காற்று திணறுகிறதா என்று பார்ப்பார்கள்; துருத்திக்குள் நுழைவார்கள்; குழல்களை எடுத்து நோட்டமிடுவார்கள். அவர்கள் சரி என்ற பிறகே கடைசித் தவணை. பாக் இந்த வேலையில் மிகக் கண்டிப்பானவர் என்று பெயர் பெற்றிருந்தார்.

சில்பர்மான் 1753 ஆகஸ்ட் 4 அன்று டிரெஸ்டனில் இறந்தார். அங்கே கத்தோலிக்க அரச ஆலயத்தில் அவருடைய மிகப் பெரிய ஆர்கன், 47 ஸ்டாப்புகள் கொண்டது, பாதி வேலையில் இருந்தது. அதில் உடன் நின்று உழைத்தவர் சமாதானமாகித் திரும்பியிருந்த ஹில்டபிராண்ட்தான். 1755இல் அது முதன்முதலில் ஒலித்தது. அந்த ஆலயத்தின் ஆர்கன் குழல்களை 1944இல் கழற்றி ஒரு கன்னியர் மடத்தில் பத்திரப்படுத்தினார்கள். 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் பெட்டியும் ஆலயமும் சிதைந்தன, குழல்கள் தப்பின. பின்னர் 1971இல் அவை மறுபடி ஏற்றப்பட்டன. ஃப்ராவன் ஆலயத்து ஆர்கனுக்கு அந்த நற்பேறு இல்லை. குண்டுவீச்சுக்குப் பிறகு குவிமாடம் இடிந்து விழுந்தபோது அதுவும் அழிந்தது. 2005இல் ஆலயம் திரும்ப எழுந்தபோது புதிய ஆர்கனைக் கட்டியது, சில்பர்மான் தொழில் கற்ற அதே ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தின் டானியல் கேர்ன் பட்டறை. பழையதை அப்படியே மறுபடைப்பதா, புதிதாகச் செய்வதா என்று ஜெர்மனியில் அப்போது பெரிய சர்ச்சை நடந்தது.

போர் இன்னொரு வகையிலும் குழல்களைத் தின்றது. முதல் உலகப் போரில், 1917இல், வெள்ளீயத்துக்காக ஏராளமான ஆலயங்களின் முகப்புக் குழல்கள் பறிமுதலாயின. ஹாம்பர்க் யாக்கோபி ஆலயத்தில் ஷ்னிட்கர் 1693இல் முடித்த 60 ஸ்டாப் ஆர்கனும் அப்படித்தான் முகத்தை இழந்தது. அமைதிக் காலத்திலும் எதிரிகள் உண்டு. தூய வெள்ளீயம் 13 டிகிரிக்குக் கீழான குளிரில் மெல்லச் சாம்பல்நிறத் தூளாக உதிரக்கூடியது. இந்த வெள்ளீய நோயை வேதியியலர் எர்ட்மான் 1851இல் பதிவு செய்தது, சைட்ஸ் நகரத்து ஆலயத்தின் ஆர்கன் குழல்களைப் பார்த்துத்தான். ஈயத்துக்கு எதிரி, மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமிலம். நல்ல எண்ணத்தோடு செய்யும் புதுப்பிப்பில் புதிய ஓக் மரமும் பசையும் சேர்க்கப்பட்டு, பழைய குழல்களின் கால்கள் அரிக்கப்பட்ட நிகழ்வுகள் உண்டு.

இன்றைய நிலைக்கு வருகிறேன். ஜெர்மன் ஆர்கன் கட்டும் கலையும் இசையும் 2017இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தன. அப்போது தரப்பட்ட கணக்கின்படி ஜெர்மனியில் சுமார் 50,000 ஆர்கன்கள், 400 பட்டறைகள், 2,800 கைவினைஞர்கள், 180 பயிற்சியாளர்கள். வழிபாட்டுக்கு வருவோர் குறைந்து ஆலயங்கள் மூடப்படுவதால் புதிய ஆர்கன்களுக்கான தேவை சுருங்கியிருக்கிறது; பழையவற்றைச் சீரமைப்பதும் சுருதி சேர்ப்பதும்தான் பல பட்டறைகளின் அன்றாடச் சோறு. பெரிய பட்டறைகள் வெளிநாட்டுக்கும் கட்டுகின்றன. பான் நகரத்தில் 1882இல் தொடங்கிய கிளாய்ஸ் பட்டறை ஹாம்பர்க்கின் எல்ப் பில்ஹார்மனிக் அரங்கத்துக்கும், கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் அரங்கத்துக்கும், சிங்கப்பூரின் விக்டோரியா அரங்கம், எஸ்பிளனேட் இரண்டுக்கும் ஆர்கன் செய்தது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் ஜெர்மன் குழல்களை நேரில் கேட்க ஐரோப்பா போக வேண்டியதில்லை. கேட்கப் போனால் முதலில் ஒற்றை எட்டடிக் குரலில் தொடங்கும் மெதுவான துண்டைக் கவனியுங்கள். முழு ஆர்கனின் முழக்கம் யாரையும் அசத்திவிடும். கட்டியவரின் தரம் ஒற்றைக் குழலில்தான் தெரியும்.

கற்க முடியுமா என்றால், முடியும். பயிற்சி மூன்றரை ஆண்டுகள். பட்டறை ஒன்று உங்களைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டு மாத உதவித்தொகை தரும். இடையிடையே சில வாரங்கள் லுட்விக்ஸ்பூர்க் நகரத்தின் தொழிற்பள்ளியில் பாடம். ஆர்கன் கட்டுதல், குழல் செய்தல் என இரண்டு பிரிவுகள்.  அதன் பிறகு சில ஆண்டு அனுபவமும் மாஸ்டர் தேர்வும். சொந்தப் பட்டறை தொடங்க அந்தத் தேர்வு கட்டாயம் என்ற விதியை 2004இல் தளர்த்தி, 2020இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். வாத்தியம் வாசிக்கத் தெரிவது உதவும். அதைவிட முக்கியம் மரவேலைப் பழக்கமும், இரண்டு சுரங்கள் உரசும் அதிர்வை எண்ணிக் கேட்கும் காதும், ஜெர்மன் மொழியும். குறுகிய ஏணிகளில் ஏறி உயரத்தில் நின்று வேலை செய்ய வேண்டும்; மாதத்தில் பல நாட்கள் வீட்டை விட்டு வெளியூர் ஆலயங்களில் கழியும். ஈயத்தைக் கையாளும்போது கைகழுவாமல் உண்ணக் கூடாது என்பது முதல் நாளே சொல்லித்தரும் விதி. விண்ணப்பிப்பதற்கு முன் ஓரிரு வாரம் பட்டறையில் கூடவே நின்று பார்க்க அனுமதி கேட்பது அங்கே வழக்கம். அதைக் கேட்டு எழுதும் கடிதத்தில், நீங்களே செய்த ஒரு மரச்சாமானின் படத்தையும் இணைத்துவிடுங்கள்.